மூன்று வாரம் கட்டி வைத்த முழங்கால்

பிளாஸ்டரை வெட்டி எடுத்த பிறகும் மூன்று வாரம் என் காலை மடக்காமல் கட்டி வைத்திருந்தோமே, அது என் முழங்காலைக் காப்பாற்றியதா, கெடுத்ததா? நான்கு வருடங்களாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. ஆபரேஷன் செய்த டாக்டருக்கே தெரியாதது நமக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டு என் கணவர் நிம்மதியாக ஷிப்டுக்குப் போய்விடுவார். எனக்கு அப்படி விட முடிவதில்லை. அரிசி களைந்துகொண்டிருக்கும்போது தோன்றும், அன்றைக்கே மடக்கியிருந்தால் என்று. துணி உலர்த்தும்போது தோன்றும், அன்றைக்கே மடக்கி அது பிய்ந்து போயிருந்தால் என்று.

நாங்கள் ஈரோட்டுப் பக்கத்துக்காரர்கள். அவருக்கு மைன்ஸில் வேலை. கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். கல்லூரியில் வளையப்பந்து ஆடியிருந்தேன். வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ரப்பர் வளையத்தை எறிந்து பிடிக்கும் ஆட்டம். சுமாராக அல்ல, நன்றாகவே ஆடுவேன். இதை இப்போது எழுதும்போதும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அந்தப் பெருமைதான் என் காலை வாரியது.

பொங்கலையொட்டி எங்கள் பிளாக் மைதானத்தில் பெண்களுக்குப் போட்டிகள் வைப்பார்கள். கோலம், மியூசிகல் சேர், லெமன் ஸ்பூன். அந்த வருடம் வளையப்பந்தும் சேர்த்துவிட்டார்கள். என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஒரு பக்கம் ஆள் குறைந்தது. என் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண் என் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"நீ போய் ஆடுக்கா. புள்ளய நான் வச்சிகினு இருக்கேன். காலேஜ்ல ஆடினேன், கப்பு வாங்கினேன்னு எப்பப் பாத்தாலும் சொல்லிகினு கீறியே, நாங்களும் பாக்கணும்ல."

அவள் முத்தாண்டிக்குப்பம் பக்கத்துப் பெண். அவர்கள் குடும்பத்து நிலம் மைன்ஸுக்குப் போனதில் அவள் கணவருக்கு வேலை கிடைத்து, பெர்மனெண்ட் ஆகி, எங்களுக்கு ஒரு வருடம் முன்னால் குவார்ட்டர்ஸுக்கு வந்தவர்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஆறு பாயிண்ட் எடுத்தேன். ஏழாவதற்கு எம்பிப் பிடித்துவிட்டுத் தரையில் இறங்கும்போது உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, வலது பாதம் திரும்பவில்லை. முழங்காலுக்குள் டப்பென்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவளுக்கும் கேட்டதாம். வளையத்தை மட்டும் விடவில்லை நான்.

நகரிய ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை என்றார்கள். வீக்கம் வடிய மூன்று வாரம் ஆயிற்று. வலியும் போயிற்று. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் திரும்பி நடக்கும்போதெல்லாம் முழங்கால் தனியாகக் கழன்று முன்னால் நழுவுவது போல இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. அவருக்குத் தொடர்ந்து சி ஷிப்ட் வேறு. பகலில் தூங்குகிற மனிதரிடம் கால் நழுவுகிறது என்று சொல்வானேன் என்று இருந்துவிட்டேன்.

பங்குனி மாதம், ஒரு காலை, கொல்லைப்பக்கப் படியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டே படி. முழங்கால் நழுவியது. நான் விழுந்தேன், குழந்தை என்மேல் விழுந்து, என்னிடமிருந்து உருண்டு, துவைக்கிற கல்லுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றாள். நெற்றியில் சிறிய புடைப்பு, அவ்வளவுதான். அந்த ஒரு சாணை நான் இன்னும் அளந்துகொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து நான் அவளை நின்றபடி தூக்குவதை நிறுத்திவிட்டேன். தரையில் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டுவேன், அவள் தவழ்ந்து வருவாள். அழுதுகொண்டே காலைப் பிடித்து எழுந்து நின்று தூக்கச் சொல்வாள். நான் மெதுவாகக் கீழே உட்காருவேன். தூக்குவது என்றால் அம்மாவும் கூடவே கீழே வருவது என்று அவள் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். பத்து மாதக் குழந்தை அதைப் புரிந்துகொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தன நாளா ஏம்புள்ள சொல்லல?"

"நீங்க தூங்கீட்டு இருந்தீங்க."

"ரெண்டு மாசமாவா தூங்கீட்டு இருந்தேன்?" என்றார். கோபமில்லை. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் என்னை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே போனார், ஏறி மிதிக்காமல்.

அங்கிருந்து மெட்ராஸுக்கு ரெஃபர் செய்தார்கள். அங்கே பெரிய டாக்டர் என் காலை மடக்கிப் பாதத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, கெண்டைக்கால் எலும்பை இரண்டு கையாலும் முன்னால் இழுத்தார். அது மேஜை டிராயர் மாதிரி வந்தது. நானே பார்த்தேன். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் குறுக்கே ஓடுகிற தசைநார் அறுந்துவிட்டது, அது தானாக ஒட்டாது என்றார். முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கிற நாரிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, எலும்பில் துளை போட்டு உள்ளே கோத்து, அறுந்ததற்குப் பதிலாக வைக்க வேண்டும். ஆறு வாரம் பிளாஸ்டர். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கப் பழக வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் போயிருந்தேன். எட்டுக் கேள்விகள். ஒன்றைத்தான் கேட்டேன்.

"பண்ணிட்டா கொழந்தையத் தூக்கலாமுங்களா டாக்டர்?"

"தூக்கறதுக்குத்தாம்மா பண்றோம்."

குழந்தையை எங்கே விடுவது என்பது அடுத்தது. என் அம்மா மெட்ராஸுக்கு எனக்குத் துணையாக வர வேண்டும். மாமியாருக்கு உடம்பு முடியாது. நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே பக்கத்து வீட்டுப் பெண் குறுக்கிட்டாள்.

"எங்க வூட்ல ரெண்டு ஓடிகினு கீது. மூணாவது ஒண்ணு ஓடட்டும். இத்தப் போயி யோசிச்சிகினு."

"ஒரு நாள் ரெண்டு நாளில்ல. மூணு வாரம் ஆயிடும்."

"ஆவட்டும். அன்னிக்கு நாந்தானே உன்ன ஆட்டத்துக்குத் தள்ளிவுட்டேன்." சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அவளும் மூன்று மாதமாக அதை மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் பெருமையால் வந்த வினை, உன்னால் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குழந்தையை வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. இதை அவளிடம் பிற்பாடு சொல்லிவிட்டேன் என்றாலும், பிற்பாடுதான் சொன்னேன்.

முதுகில் ஊசி போட்டதால் ஆபரேஷன் நடந்தபோது நான் விழித்துத்தான் இருந்தேன். இடுப்புக்குக் கீழே எதுவும் எனக்குச் சொந்தமில்லை. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் துளை போடும் சத்தம் தச்சுப் பட்டறையில் கேட்பது போலக் கேட்டது. தலைமாட்டில் ஒரு நர்ஸ் நின்றார். பெயர் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. துளை போடும் சத்தம் வரும்போதெல்லாம் குழந்தையைப் பற்றி ஏதாவது கேட்டார். எத்தனை பல் வந்திருக்கிறது, யார் ஜாடை, சோறு தின்கிறாளா. நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் சத்தம் நின்றிருக்கும். இரண்டு மணி நேரம் இப்படியே. அன்று சாயங்காலம் பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்தபோதும் அவர்தான் கவனித்து, என் அம்மாவிடம்கூடச் சொல்லாமல், வெந்நீரில் நனைத்த துணி கொண்டு வந்து கொடுத்தார். அவரை மறுபடி பார்த்தால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. இதைத்தான் எழுதிக் காட்டுவேன்.

பதினைந்து நாள் கழித்து, வாடகைக் காரின் பின் சீட்டில் காலை நீட்டி, அம்மாவின் மடியில் பாதத்தை வைத்துக்கொண்டு நெய்வேலி வந்து சேர்ந்தேன். வழி முழுவதும் குழந்தை ஓடி வருவாள் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். ஓடுவது எப்படி, நான் போகும்போது அவள் நடக்கவே இல்லை. வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் நின்றாள், அவள் விரலைப் பிடித்துக்கொண்டு என் மகள் நின்றாள். நடந்து வந்திருந்தாள். தொடை முதல் பாதம் வரை இருந்த வெள்ளைக் காலைப் பார்த்ததும் அலறி, அவளுடைய புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அம்மாடி, உங்கம்மாதான் வந்துகீறாங்க. போ." போகவில்லை.

மூன்று நாள் என்னிடம் வரவில்லை. நான்காம் நாள் ஒரு எவர்சில்வர் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து பிளாஸ்டரை ஒரு தட்டுத் தட்டினாள். டொக்கென்றது. என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். நான் கையில் கிடைத்த சீப்பால் இந்தப் பக்கம் தட்டினேன். அப்படித்தான் நாங்கள் மறுபடி அறிமுகமானோம். பிளாஸ்டர் எடுக்கும் வரை அது அவளுடைய விளையாட்டுச் சாமானாகவே இருந்தது. அதன்மேல் பொரி வைத்துத் தின்றாள்.

ஆறாவது வாரம் முடிந்து, நகரிய ஆஸ்பத்திரியில் பிளாஸ்டரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி எடுத்தார்கள். உள்ளே இருந்த கால் என்னுடையதுதானா என்றிருந்தது. தோல் உரிந்து, தொடைச் சதை கரைந்து, சவுக்குக் குச்சி மாதிரி. மெட்ராஸ் டாக்டர் கொடுத்த தாளில் பிளாஸ்டர் எடுத்ததும் பயிற்சி தொடங்கி, வலி பொறுக்கும் அளவுக்குத் தினமும் மடக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது. நான் படித்தேன். அவருக்கும் படித்துச் சொன்னேன். மறுநாள் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள்.

அவர் வெட்டிப் போட்ட பிளாஸ்டரின் பின்பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கென்று புரியாமல் அவர்களும் கொடுத்துவிட்டார்கள்.

இங்கே என் கணவரின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைன்ஸில் நிலக்கரியும் மண்ணும் போகிற பெல்ட், உள்ளே இரும்புக் கம்பிகள் ஓடுகிற தடித்த ரப்பர். அது அறுந்தால் ஒட்டுகிற கேங்கில் இருக்கிறார் அவர். இரண்டு முனைகளையும் சீவி, கம்பிகளை ஒன்றோடொன்று கோத்து, மேலும் கீழும் ரப்பர் வைத்து, பிரஸ்ஸில் பூட்டி மணிக்கணக்காகச் சூடு ஏற்றுவார்கள். வெந்த பிறகு அப்படியே இறுக்கத்திலேயே ஆற விட வேண்டும். ஒரு முறை மேலேயிருந்து அவசரப்படுத்தியதால் முழுவதும் ஆறுவதற்கு முன்பே பிரஸ்ஸைக் கழற்றி பெல்ட்டை ஓட விட்டிருக்கிறார்கள். போட்ட ஜாயிண்ட் வாய் பிளந்துகொண்டது. அவர் கையால் போட்ட ஜாயிண்ட். அதற்கு அவருக்கு மெமோ வந்தது. அதைவிட, கேங்கில் ஒருவருக்குக் காலில் அடிபட்டது. அவர் அதைப் பேசவே மாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டரின் பின்பாதியில் என் காலைப் படுக்க வைத்தார்.

"டாக்டர் பெரியவரு, இல்லேங்கல. ஆனா கோத்த கம்பி உள்ள பிடிச்சுதான்னு தெரியாம ஓட்டறது தப்பு புள்ள. எனக்குத் தெரியும். ஒரு மூணு வாரம் ஆறட்டும். ஒருக்கா பிச்சுக்கிச்சுன்னா மறுபடியும் எங்க இருந்து பட்டை எடுப்பாங்க?"

"தாள்ல மடக்கோணும்னு எழுதியிருக்குதுங்களே."

"மடக்க வேண்டாங்கலியே. கொஞ்சம் பொறுத்து மடக்கலாங்கறேன்."

பழியை அவர் மேல் போடுவது எனக்கு எளிது. பி.எஸ்ஸி. படித்தவள் நான், தாளைப் படித்தவள் நான். ஆனால் காலை ஒரு அங்குலம் அசைத்தாலே படியில் விழுந்த காலைப்பொழுது கண் முன் வந்து நின்றது. பொறுக்கலாம் என்று ஒருவர் சொன்னதும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை அவரிடம்கூடச் சொன்னதில்லை. கட்டுத்துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தது நான்தான். தினமும் காலையில் ஷிப்டுக்குப் போகுமுன் அவர் அவிழ்த்து, துடைத்து, மறுபடி கட்டுவார். பெல்ட்டைப் பூட்டுகிற அதே ஒழுங்கோடு, கீழேயிருந்து மேலே, ஒரே இறுக்கமாக. பயிற்சிக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டனுப்பியபோது குழந்தைக்குக் காய்ச்சல் என்றோம். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை. அந்தப் பொய்யைச் சொன்ன வாரமெல்லாம் அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து மடக்கிப் பார்த்தால், கால் மடங்கவில்லை. கதவு துருப்பிடித்த மாதிரி, கொஞ்சம் வந்து, நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுப்பவள் என் வயதுப் பெண். காலைத் தொட்டுப் பார்த்தாள். அளவு பார்க்கிற கருவியை வைத்தாள். பிறகு அதை மேஜையில் வைத்துவிட்டு, "மூணு வாரம் எங்கம்மா போனீங்க?" என்றாள்.

"குழந்தைக்குக் காய்ச்சல்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"காய்ச்சல் எல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்று பின்னாலிருந்து அவர் சொன்னார். "நாந்தான் கட்டி வச்சேன்." பிறகு பெல்ட், பிரஸ், சூடு, ஆற விடுவது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். மெமோ வந்ததையும் சொன்னார். அடிபட்டவரைப் பற்றியும் சொன்னார். எனக்கே அன்றுதான் முழுவதும் தெரியும். அவள் திட்டுவாள் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், உங்க பெல்ட்டுக்குள்ள ரத்தம் ஓடுதா?" என்றாள்.

"இல்லீங்க."

"இதுல ஓடுது. அசைஞ்சாத்தான் ஓடும். உங்க பெல்ட்டு நின்னா ஆறும், இது நின்னா இறுகும். சரி, போனது போச்சு. இனிமே நான் சொல்றபடி நீங்க ரெண்டு பேரும் கேக்கணும். அவங்க மட்டும் இல்ல, நீங்களும். உங்களுக்குத்தான் பயம் ஜாஸ்தி."

அவர் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிளாஸ்டர் பாதியை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். மகள் அழுதாள், அவளுடைய சாமான் போயிற்றென்று.

அதற்குப் பின் நான்கு மாதம். பயந்த அதே மனிதர்தான் அவ்வளவையும் செய்தார். கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தி, நான் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட வழி செய்தார். பழைய சைக்கிள் டியூபை அறுத்து, பாதத்தில் மாட்டிப் பின்னுக்கு இழுக்க வார் பண்ணினார். கட்டிலின் கால் மரத்தில் என் குதிகால் எதுவரை போகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுவார், ஞாயிறு தோறும். சில வாரம் கோடு நகரும். சில வாரம் பழைய கோட்டின் மேலேயே விழும். அப்போது அவர் அந்தக் கோட்டையே கொஞ்சம் அழுத்திப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார், என்னைப் பார்க்க மாட்டார். வலி எப்படி இருந்தது என்று நான் எழுதப் போவதில்லை. தலையணையைக் கடித்துக்கொள்வேன். மகள் அறையில் இருந்தால் சிரிக்க வேண்டியிருக்கும்.

பாதத்தில் கட்ட மணல் மூட்டை தைக்கச் சொன்னாள் பயிற்சிக்காரப் பெண். நான் தைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள்.

"இன்னாக்கா இது?"

சொன்னேன்.

"வூட்ல மூட்டைய வச்சிகினு மூட்ட தைக்கிறியே." என் மகளைத் தூக்கி, அக்குளில் இரண்டு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, தொங்கிக்கொண்டிருந்த என் பாதத்தின் மேல் உட்கார வைத்தாள். முழு பாரமும் விழாமல் பாதியைத் தன் கையிலேயே தாங்கிக்கொண்டாள். மகளுக்கு ஊஞ்சல். எனக்கு உயிர் போனது. ஆனால் கால் கீழே இறங்கியது. பயந்துபோய் அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டேன், இது செய்யலாமா, கெடுதலா என்று. பயிற்சிக்காரப் பெண் சிரித்துவிட்டு, பிடித்துக்கொண்டு செய்தால் சரி, ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றாள். தினமும் பதினோரு மணிக்கு உலையை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் வருவாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் உறவில் ஒரு கல்யாணம் வந்தபோது, தாலி கட்டி முடிந்ததும் பந்தியில்கூட உட்காராமல் பஸ் ஏறி வந்தாள்.

"சாப்பிட்டு வந்திருக்கலாம்ல?"

"சோறு எங்க போவுது. உங்கோடு நவுரணும்ல," என்று கட்டில் காலைக் காட்டினாள்.

ஐப்பசியில் மெட்ராஸ் டாக்டரிடம் போனோம். அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்து எலும்பை இழுத்தார். அசையவில்லை. மறுபடி இழுத்தார். உதவி டாக்டர்களைக் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னார். பிறகு மடக்கச் சொன்னார். செங்கோணத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மடங்கியது, அங்கே நின்றது. இவ்வளவுதானா என்றார். சீட்டில் அவர் கையெழுத்துப் போடும் முன் நான் அந்த மூன்று வாரத்தைச் சொல்லிவிட்டேன். பொய்யோடு வீட்டுக்குத் திரும்ப முடியாது என்று தோன்றியது.

அவர் பேனாவை மூடினார். "சீக்கிரம் மடக்கியிருந்தா இன்னும் மடங்கியிருக்கும்மா. அது நிச்சயம். ஆனா இவ்வளவு நல்லாப் பிடிச்சிருக்குமா? நான் பண்ணினதுல இந்த அளவுக்கு இறுகினது கம்மிதான். உங்க வீட்டுக்காரர் கெடுத்தாரா, நல்லது பண்ணினாரான்னு என்னைக் கேக்காதீங்க. எனக்குத் தெரியாது." பிறகு, என் முகத்தைப் பார்த்து, "குழந்தையத் தூக்கலாம்," என்றார். நான் முதல் நாள் கேட்டது அவருக்கு நினைவிருந்தது.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினோம். ஸ்டாப்பிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஐந்து நிமிட நடை. பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையோடு ஸ்டாப்புக்கே வந்திருந்தாள். நான் கையை நீட்டினேன். மகள் வழக்கப்படி, நான் உட்காருவதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். ஒன்றரை வயதாகியிருந்தது, கனத்துப்போயிருந்தாள். குனிந்து தூக்கினேன். அவள் ஆச்சரியத்தில் என் கழுத்தைப் பிடிக்கக்கூட மறந்துவிட்டாள். நடந்தேன். பின்னாலேயே அவர் இரண்டு கையையும் பாதி நீட்டியபடி, என்னைத் தொடாமல், ஸ்டாப்பிலிருந்து வாசல் வரைக்கும் வந்தார்.

"இன்னாண்ணே, கோழி புடிக்கிறாப்பல வர்றீங்க," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். அவர் கையை இறக்கவில்லை. கால் நழுவவில்லை. இந்த நான்கு வருடத்தில் ஒரு முறைகூட நழுவவில்லை.

அதனால்தான் எனக்குக் குறை சொல்ல வாய் வருவதில்லை. சம்மணம் போட முடியாது. பந்தியில் எனக்கு மட்டும் ஓரத்தில் நாற்காலி போடுவார்கள், இலையை ஸ்டூலில் வைத்துச் சாப்பிடுவேன். குந்த முடியாது. அவர் மரத்தில் முக்காலி மாதிரி ஒன்று செய்து போட்டிருக்கிறார், அதைப் பற்றி இதற்கு மேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நிற்கிறேன், நடக்கிறேன், மகளைத் தூக்கி வளர்த்துவிட்டேன். அவளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. இனி அவளே தூக்க விட மாட்டாள்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு இது ஏழாவது மாதம். பிறந்த குழந்தையை நம் பக்கம் எப்படிக் குளிப்பாட்டுவோம் என்று எல்லோருக்கும் தெரியும். தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, அதன்மேல் குழந்தையைப் போட்டு. காலை நீட்ட என்னால் முடியும், நன்றாகவே முடியும். அந்தப் பலகையில் உட்காரவும், ஈரக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு எழவும் என்னால் முடியாது. அவர் உயரமான பெஞ்சு செய்து தருகிறேன் என்கிறார். உயரம் கூடினால் கால் சரிவாகி, எண்ணெய் தேய்த்த குழந்தை வழுக்குமோ என்று எனக்குப் பயம். தலையணையைக் குழந்தை மாதிரிக் காலில் போட்டுப் பார்த்தேன். வழுக்கித்தான் போகிறது. பக்கத்து வீட்டுப் பெண் தானே வந்து குளிப்பாட்டிவிடுவதாகச் சொல்கிறாள். அவள் சொன்னால் செய்வாள். ஆனால் முதல் குழந்தையின் முதல் அடிகளை அவள்தான் பார்த்தாள். இந்தக் குழந்தையை ஒரு நாளாவது நானே குளிப்பாட்ட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இது நன்றி கெட்ட ஆசையா என்றும் தெரியவில்லை.

என்னைப் போல ஒரு முழங்கால் முழுதாக மடங்காமல் கைக்குழந்தையை வளர்த்தவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். நீங்கள் எதில் உட்கார்ந்தீர்கள், எந்த உயரத்தில், குழந்தையை எப்படிப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். உயரத்தைச் சாண் கணக்கில் எழுதினாலும் போதும், அவர் அளந்து செய்துவிடுவார். தை மாதத்துக்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும்.